குத்தாலம் மில்லுக்கார அக்கா கடை உளுந்தங்களி மாவு: அம்மாவுக்கு அஞ்சு மாசம் கொடுத்துப் பாத்தது

முதல்லயே சொல்லிடுறேன், இந்தக் கடைக்குப் பேர்ப்பலகை கிடையாது. குத்தாலம் கடைத்தெருவுலேர்ந்து உள்ள போற ஒரு தெருவுல ஒரு மாவு மில்லு, அதை ஒட்டுனாப்புல பத்துக்குப் பத்துல ஒரு கடை, அவ்வளவுதான். ஊர்ல எல்லாரும் மில்லுக்கார அக்கா கடைன்னுதான் சொல்லுவாங்க, யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. அங்க விக்கிற கருப்பு உளுந்தங்களி மாவைப் பத்தித்தான் எழுதுறேன். வீட்டுல அறுபது வயசுக்கு மேல யாராச்சும் இருந்தா கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இந்த மாவை எதுக்கு வாங்கணும், எதுக்கு வாங்கக் கூடாதுன்னு ரெண்டும் இருக்கு.

எங்க அம்மாவுக்கு வயசு 71. போன புரட்டாசியில கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்துடுச்சு, பெருசா ஒண்ணும் விழல, நின்ன இடத்துலேர்ந்து சாஞ்சி இடது கையை ஊனுனதுதான், மணிக்கட்டு எலும்பு உடைஞ்சி போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. நின்ன உயரத்துலேர்ந்து விழுந்து எலும்பு உடையுதுன்னா அது சும்மா இல்லம்மா, எலும்பு எவ்வளவு திடமா இருக்குன்னு பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. தஞ்சாவூர்ல டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம், எலும்புத் திடத்தைக் காட்டுற டி ஸ்கோர் மைனஸ் 2.9. மைனஸ் 2.5க்கு இறங்கிட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிஞ்சி பலம் போயிடுச்சுன்னு கணக்காம். அதுக்கப்பறம் டாக்டர் தையக்கடையில வச்சிருக்குற மாதிரி ஒரு டேப்பை எடுத்து அம்மாவோட கெண்டைக்கால்ல சுத்தி அளந்தாரு, 29 சென்டிமீட்டர். நம்ம ஆசியாக்காரங்களுக்கு வச்சிருக்குற அளவுப்படி பொம்பளைங்களுக்கு 33க்குக் கீழ வந்துச்சுன்னா சதை குறைஞ்சிருக்கான்னு பாக்கணுமாம். எலும்பு மட்டும் மெலியல, சதையும் கரைஞ்சிருக்கு, கால்ல தாங்குற பலம் இல்லாமதான் விழுந்திருக்காங்க, இந்தத் தடவை கை, அடுத்த தடவை இடுப்பா இருந்தா படுக்கையாயிடும்னு சொன்னாரு. அந்த வார்த்தையக் கேட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

ஏன்னா எங்க அம்மா முப்பது வருசம் நாத்துப் பறிச்சி நடவு நட்ட உடம்பு. மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்கன்னா அதுக்கப்பறம் வீட்டுல உக்காரவே நேரம் இருக்காது, குறுவை, சம்பா, தாளடின்னு சேத்துலயே கெடந்த கால் அது. நடவு மெஷின் வந்துச்சு, அம்மாவுக்கு முட்டிவலியும் வந்துச்சு, நாங்களும் போதும்மா கால நீட்டி உக்காருன்னு சொல்லிட்டோம். தண்ணிக் குடத்தைக் கூட தூக்க விடல. பாசத்துல செஞ்சதுதான், ஆனா எட்டு வருசம் டிவி முன்னாடி உக்கார வச்சி அந்தக் காலை நாங்களே சும்மா போட்டுட்டோம்னு இப்பத்தான் புரியுது. முப்பது வயசுக்கு மேல பத்து வருசத்துக்கு நூத்துக்கு மூணுலேர்ந்து எட்டு பங்கு வரைக்கும் சதை கரையுமாம், அறுபதுக்கு மேல இன்னும் வேகமாம். வேலை பாக்குற வரைக்கும் அது தெரியாது, உக்காந்தாத்தான் தெரியும். இதுக்கு சார்கோபீனியான்னு ஒரு பேரே 1989லதான் வச்சிருக்காங்க, அதுவரைக்கும் உலகம் பூரா வயசாச்சு அப்படித்தான்னு சொல்லிட்டு விட்டிருக்காங்க, நம்மளும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

டாக்டர் கணக்கு சுலபமா சொன்னாரு. அம்மா எடை 46 கிலோ. வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம்லேர்ந்து 1.2 கிராம் வரைக்கும் புரதம் வேணும், அப்ப ஒரு நாளைக்கு 46லேர்ந்து 55 கிராம். அன்னைக்கி ராத்திரி உக்காந்து அம்மா என்னென்ன சாப்புடுதுன்னு நோட்டுல எழுதுனேன். காலையில மூணு இட்லி, ரெண்டு வேளை காபி, மத்தியானம் சோறும் ரசமும், என்னைக்காச்சும் ஒரு கரண்டி சாம்பார், ராத்திரி ரெண்டு இட்லி இல்லன்னா கஞ்சி. கூட்டிப் பாத்தா 30 கிராம்தான் தேறுச்சு. வயிறு நெறைய சாப்புடுற ஆள்தான், ஆனா எல்லாம் அரிசி. நெல்லு விளையுற ஊர்ல பொறந்து சோறு சாப்பிட்டே சதை கரைஞ்சிருக்கு.

இது தெரிஞ்சதும் சொந்தக்காரங்க ஒருத்தங்க ஒரு டப்பா பவுடர் வாங்கியாந்து கொடுத்தாங்க, பேரு வேணாம், டிவியில தாத்தா பாட்டி படியேறி வர்ற விளம்பரம் எல்லாம் பாத்திருப்பீங்க அந்த மாதிரி ஒண்ணு. 400 கிராம் 720 ரூவா. பின்னாடி அட்டவணையைப் படிச்சிப் பாத்தா 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், 24 கிராம் சர்க்கரை. ஒரு வேளைக்கு அவங்க சொல்ற அளவு 33 கிராம், அதுல கிடைக்கிற புரதம் 7 கிராம் கூட முழுசா வராது, அதுக்கு செலவு 60 ரூவா. அதுக்கு மேல அம்மாவுக்கு அந்த வெனிலா வாடையே புடிக்கல, நாலு நாள் குடிச்சிட்டு மூடி வச்சிடுச்சு. 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைங்களுக்கு சத்துபான மாவுங்களை ஹெல்த் டிரிங்க்னு போட்டு விக்காதீங்கன்னு சொல்லுச்சு, அப்ப எனக்கு அது குழந்தைங்க விஷயம்னுதான் தோணுச்சு. டப்பா வாங்குறவங்க முன்னாடி இருக்குற படத்தைப் பாக்காம பின்னாடி இருக்குற அட்டவணையைப் படிங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது.

அப்பத்தான் என்கூட மயிலாடுதுறையில வேலை பாக்குற ஒருத்தங்க இந்த மில்லுக்கடையச் சொன்னாங்க. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். போகும்போதே தெருமுனையில உளுந்து வறுக்குற வாசனை வந்துடுச்சு. உள்ள ஒரு பெரிய இரும்புச் சட்டியில தோலோட கருப்பு உளுந்தைப் போட்டு சின்னத் தீயில வறுத்துக்கிட்டு இருந்தாங்க, அக்கா நடுநடுவுல நாலு உளுந்தை எடுத்து வாயில போட்டு கடிக்கிறாங்க, கடக்குன்னு உடையணுமாம், பல்லுல நசுங்குனா இன்னும் பச்சைன்னு அர்த்தம், கசந்தா தீஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மூணு பங்கு உளுந்து, ஒரு பங்கு புழுங்கலரிசி, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய், வேற ஒண்ணும் கிடையாது. சர்க்கரை, பால் பவுடர், எசென்ஸ் எதுவும் கலக்கறதில்ல. எல்லாம் கண்ணு முன்னாடிதான் நடக்குது.

எனக்கு ரொம்பப் புடிச்சது, மாவு எடுக்கிறதுக்கு முன்னாடி அக்கா கேட்ட கேள்விங்க. "யாருக்கும்மா? வயசு என்ன? சுகர் இருக்கா? கிட்னியில ஏதும் பிரச்சனை இருக்கா?" கிட்னி எதுக்குக்கா கேக்குறீங்கன்னேன். அவங்க மாமனாருக்கு கிட்னிக் கோளாறைக் காட்டுற கிரியேட்டினின் அளவு ஏறிப்போயி பருப்பு வகையைக் குறைக்கச் சொல்லிட்டாங்களாம், அதுலேர்ந்து கிட்னி உள்ளவங்க வந்தா டாக்டரைக் கேட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுறாங்களாம். நான் நிக்கும்போதே ஒரு பெரியவரை அப்படி அனுப்புனாங்க. கையில காசோட வந்தவரைத் திருப்பி அனுப்புற கடையை நான் பாத்ததில்ல. பாக்கெட்டு மேல அரைச்ச தேதியை பேனாவுல எழுதிக் கொடுக்குறாங்க, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கமும் ஒட்டியிருக்கு.

அரைக் கிலோ 160 ரூவா. ஒரு வேளைக்கு 50 கிராம்னு வச்சா பத்து வேளை வரும், வேளைக்கு 16 ரூவா. உளுந்துல நூத்துக்கு 23 கிராம் கிட்ட புரதம் இருக்கு, அரிசிப் பங்கையும் சேத்தா 50 கிராம் மாவுல 9, 10 கிராம் வரும். டப்பாவுல 7 கிராமுக்கு 60 ரூவா, இங்க 10 கிராமுக்கு 16 ரூவா. அதுமட்டும் இல்ல, உளுந்துப் புரதத்துல எது குறைச்சலோ அது அரிசியில இருக்கு, அரிசியில எது குறைச்சலோ அது உளுந்துல இருக்கு, ரெண்டும் சேந்தா முழுசாகுது. இட்லியும் அதே சேர்மானம்தான், ஆனா இட்லியில அரிசி நாலு பங்கு உளுந்து ஒரு பங்கு, களியில அது கிட்டத்தட்ட தலைகீழ். பொண்ணு பெரியவளானா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து இடுப்பு எலும்பு பலமாகட்டும்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு, பதிமூணு வயசுல கொடுக்கிறதை எழுபது வயசுல ஏன் நிறுத்துனோம்னு எனக்குத் தெரியல.

கிண்டுறதுக்கு அக்கா சொன்ன பக்குவம் இது. மாவை மொதல்ல பச்சத்தண்ணியில கட்டியில்லாம கரைச்சிக்கணும், 50 கிராம் மாவுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணி, அப்பறம் அடுப்புல வச்சி சின்னத் தீயில மரக்கரண்டியால கைவிடாம கிண்டணும், கடைசியில ஓரத்துல ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். வெந்துடுச்சான்னு பாக்க விரலைத் தண்ணியில தொட்டுட்டு களியைத் தொட்டுப் பாக்கணும், ஒட்டலன்னா வெந்துடுச்சு. மொத நாள் நான் பத்து நிமிசத்துல இறக்கிட்டேன், நடுவுல பச்சை வாடை அடிச்சிச்சு, அம்மா ஒரு வாய் வச்சிட்டு "இன்னும் வேகணும்டி" ன்னு சொல்லி தானே எந்திரிச்சி வந்து அடுப்பு முன்னாடி நின்னுச்சு. கட்டுப் பிரிச்சி ரெண்டு வாரம் கூட ஆகல, வலது கையால கிண்டிக்கிட்டே பதினஞ்சு நிமிசம் நின்னுது. டப்பா பவுடருக்கு எங்க அம்மா அப்படி வந்து நின்னதில்ல. வயசானவங்க சாப்பாட்டுல இதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன், அவங்க நாக்குக்குத் தெரிஞ்ச ருசியா இருந்தாத்தான் அஞ்சு மாசம் விடாம சாப்புடுவாங்க.

கருப்பட்டி போட்டுத்தான் எல்லாரும் கிண்டுவாங்க, ஆனா அம்மாவுக்கு சுகர் எல்லையில நிக்குது. கருப்பட்டி நல்லதுதானேன்னு சொல்லி அள்ளிப் போடாதீங்க, அதுவும் சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். நாங்க வாரத்துல ஒரு நாள் மட்டும் கருப்பட்டி, மத்த நாள் சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை தாளிச்சி உப்புக்களி. மொத வாரம் வயித்துல வாயு புடிச்சிது, அதனால 20 கிராம்ல ஆரம்பிச்சி மெதுவா ஏத்துனோம், சுக்கு அளவையும் கொஞ்சம் கூட்டிக்கிட்டோம்.

ஒரு விஷயம் நானும் தெரியாம இருந்தேன். நாள் பூரா வர்ற புரதத்தை ஒரே வேளையில போட்டா பத்தாதாம். வயசான சதைக்கு கொஞ்சம் காது மந்தம் மாதிரி, மெதுவா கூப்பிட்டா திரும்பிப் பாக்காது, ஒவ்வொரு வேளையும் 25 கிராம் கிட்ட போட்டாத்தான் சதை கட்டுற வேலை சரியா நடக்குமாம். மூணு வேளையும் அந்த அளவுக்கு எங்களால முடியல, ரெண்டு வேளையாச்சும் கிட்டக்கப் போறோம். காலையில களி 10, ஒரு டம்ளர் பால் 6, ஒரு அவிச்ச முட்டை 6, ஆக 22. மத்தியானம் சோத்தைக் கொஞ்சம் குறைச்சி கெட்டியா பருப்பும், ஒரு கிண்ணம் தயிரும், மீன் கிடைக்கிற நாள்ல மீனும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கத்துலேர்ந்து சைக்கிள்ல வர்ற மீன்காரர்கிட்ட நெத்திலி வாங்குனா முள்ளோடயே சாப்பிடலாம், அந்த முள்ளுதான் சுண்ணாம்புச்சத்து. கருவாடும் நல்லதுதான் ஆனா பிரஷர் உள்ளவங்களுக்கு உப்பு ஆகாது. முட்டையும் மலிவுதான், ஏழு ரூவாய்க்கு 6 கிராம் புரதம், ஆனா எங்க அம்மா வெள்ளி, செவ்வாய், கிருத்திகை எதுவும் தொடாது, அந்த நாள்ல களிதான் கை கொடுக்குது.

இப்ப குறைங்களுக்கு வரேன், அக்கா படிச்சாலும் பரவாயில்ல, நேர்ல சொன்னதைத்தான் எழுதுறேன். பாக்கெட்டு மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல "எலும்பு தேய்மானம் குணமாகும்" னு அச்சடிச்சிருக்கு. இது தப்பு. உளுந்துல புரதம் உண்டு, ஆனா எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்துக்கு உளுந்தை மட்டும் நம்ப முடியாது. ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்குக் குறையாம வேணும், 50 கிராம் மாவுல அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. எங்க தெருவுல ஒரு அத்தை இந்த ஸ்டிக்கரை நம்பி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டாங்க, களி சாப்புடுறேனே எதுக்கு மாத்திரைன்னு. அவங்களுக்கு ஏற்கனவே ஒரு தடவை இடுப்பு எலும்பு உடைஞ்சது. நான்தான் சண்டை போட்டு திரும்ப போட வச்சேன். அக்காகிட்ட சொன்னப்ப முகம் மாறிடுச்சு, கும்பகோணத்துல அச்சடிச்சவரு தானா போட்டதும்மா, ஆயிரம் ஸ்டிக்கர் மிச்சம் கெடக்குன்னாங்க. அடுத்த தடவை போனப்ப அந்த வரி மேல மட்டும் கருப்பு மார்க்கர்ல கோடு போட்டிருந்துது. எல்லா பாக்கெட்டுலயும் இல்ல, பாதியில இருந்துது. முழுசா மாத்துற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். சத்து அட்டவணையும் ஒட்டலாம், நான் மேல போட்ட கணக்கெல்லாம் நானே போட்டது, படிக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க.

இன்னொண்ணு, மார்கழி மழையில வாங்குன பாக்கெட்டுல மூணாவது வாரமே வண்டு வந்துடுச்சு. எதுவும் கலக்காத மாவுன்னா அது வரத்தான் செய்யும், ஆனா ஈரமான மாசத்துல கால் கிலோவா போட்டுக் கொடுக்கலாம். திருப்பி எடுத்துட்டுப் போனேன், ஒரு பேச்சு பேசாம மாத்திக் கொடுத்தாங்க. அவங்க விக்கிற எள்ளுப்பொடி எனக்கு ரெண்டு தடவையும் சிக்கு வாடை அடிச்சிது, அதை வாங்காதீங்க, எள்ளு வாங்கி வீட்டுலயே வறுத்து இடிச்சிக்கலாம். ஆனா முளைகட்டுன கேழ்வரகு மாவு நல்லாருக்கு. கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் சுண்ணாம்புச்சத்து, அரிசியில அதுல ஒரு துளிதான் இருக்கு, முளைகட்டுனா உடம்புல சேர்றதும் கூடுது. சாயங்காலம் காபிக்கு பதிலா ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழு மோர் ஊத்தி கொடுக்குறேன். அதோட டாக்டர் எழுதுன கால்சியம் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்பறம், வைட்டமின் டி வாரத்துக்கு ஒண்ணு. அந்த 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான், டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான், தெனமும் போட்டா உடம்புல சுண்ணாம்பு ஏறி கிட்னி வரைக்கும் போயிடும். நம்ம ஊர்ல இவ்வளவு வெயில் அடிச்சும் பாதிப் பேருக்கு வைட்டமின் டி குறைச்சல்னு சொல்றாங்க, வெயில் வெளிய அடிக்குது நம்ம உள்ள உக்காந்திருக்கோம்.

களி மட்டும் கொடுத்தா இந்த மாற்றம் வந்திருக்காது, இதை நான் அழுத்திச் சொல்லணும். கட்டுப் பிரிச்ச அன்னைக்கி பிசியோதெரபி தம்பி ஒரு பிளாஸ்டிக் சேரைச் செவுத்தோட ஒட்டிப் போட்டு அம்மாவை உக்கார வச்சி, கையை நெஞ்சுல குறுக்க கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சி உக்காரச் சொன்னாரு, போன்ல நேரம் பாத்தாரு. 21 செகண்ட். 12 செகண்டு ஆனாலோ அதுக்கு மேல போனாலோ கால் பலம் குறைஞ்சிருக்குன்னு கணக்காம். மூணாவது தடவை எந்திரிக்கும்போது அம்மாவோட தொடை ரெண்டும் நடுங்குனது பொடவை மேலயே தெரிஞ்சிது. வேணாம் தம்பி வயசாயிடுச்சுன்னு நான் தடுத்தேன். அதுக்கு அவரு, 1990லயே அமெரிக்காவுல ஒரு முதியோர் இல்லத்துல தொண்ணூறு வயசு சுத்தி இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்திருக்காங்க, முடிச்சவங்களுக்கு கால் பலம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு, உங்க அம்மாவுக்கு எழுபத்தொண்ணுதான்னாரு. சாப்பாடு செங்கல்லு மாதிரி, எந்திரிச்சி உக்கார்றதுதான் கொத்தனாரு, ஆளே வரலன்னா செங்கல்லு அடுக்கி வச்சி என்ன பண்றதுன்னு கேட்டாரு.

அதுலேர்ந்து காலையில களிக்கு முன்னாடி பத்து, சாயங்காலம் பத்து. அம்மா கூட நானும் உக்காந்து எந்திரிக்கிறேன், எனக்கும் 46 ஆச்சு. என் பசங்க அம்மாயிக்கு எண்ணிக்கை சொல்லுவாங்க. மூணாவது மாசத்துலேர்ந்து ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை மார்போட அணைச்சிக்கிட்டு செய்யுது. போன வாரம் நேரம் பாத்தேன், 13 செகண்ட். கெண்டைக்கால் 29லேர்ந்து 30 ஆயிருக்கு, எடை 46லேர்ந்து 47.5. எலும்பு ஸ்கேன் அடுத்த வருசம்தான் எடுக்கணும், எலும்பு மாறுறது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. தை அமாவாசைக்கு பூம்புகார் கடலுக்குப் போயிட்டு வந்து தரையில உக்காந்து சாப்பிட்டுட்டு, என் தோளைப் புடிக்காம, கையை ஊனி தானே எந்திரிச்சிடுச்சு. நான் கையை நீட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன், அம்மா அதைக் கவனிக்கவே இல்ல, எச்சிலையை எடுத்துக்கிட்டு கொல்லைப்பக்கம் போயிடுச்சு.

போறவங்களுக்கு சில விஷயம். காலையில பத்து மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி மில்லுல மிளகாய் அரைக்கிற கூட்டம், கடைப்பக்கம் ஆள் இருக்காது. கரண்ட் நிறுத்துற நாள் கடையும் கிடையாது. ஜிபே இருக்கு. மயிலாடுதுறை, ஆடுதுறை பக்கம் இருக்குறவங்க பஸ்ஸுலயே போயிட்டு வந்துடலாம், கூரியர்ல அனுப்புறது இல்ல. உளுந்து நீங்களே எடுத்துட்டுப் போனா கிலோவுக்கு 40 ரூவா கூலி வாங்கிக்கிட்டு வறுத்து அரைச்சித் தர்றாங்க. சம்பா அறுவடைக்கு முன்னாடி வயல்ல தெளிச்ச உளுந்து பங்குனி கடைசியில வீட்டுக்கு வரும், நம்ம பக்கம் எல்லார் வீட்டுலயும் ஒரு மூட்டையாச்சும் இருக்கும், அதையெல்லாம் யாவாரிக்குப் போட்டுட்டு டப்பா வாங்கிக்கிட்டு இருக்கோம். எங்க சித்தப்பா வயல்ல இந்த வருசம் ஆடுதுறை 3ங்கிற உளுந்து ரகம் போட்டிருக்காங்க, அதுல பத்து கிலோ எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அம்மா நேத்தே முறத்தை எடுத்து தட்டி வச்சிடுச்சு, புது உளுந்தைத் தானே புடைக்கணுமாம்.